குடிக்கிறவள் கொண்டுவந்த பால்

ஆரணிப் பக்கம் வாழைப்பந்தல் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே பச்சையம்மன் குடியிருக்கிறாள். காஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குத் தவம் செய்யப் புறப்பட்ட பார்வதி, நடுவழியில் அங்கே வாழையிலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தாளாம். மணலில் லிங்கம் பிடித்துப் பூசை செய்யவேண்டும். மணல் இருந்தது, குழைக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளையிடம் சொன்னாள். முருகன் வேலை எறிந்தான், மலை பிளந்து ஆறு புறப்பட்டு வந்தது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற எங்கள் செய்யாறு அதுதான். சேய் கொண்டுவந்த ஆறு சேயாறு என்று ஆயா கதையை முடிப்பாள்.

சிறுமியாகக் கேட்டபோது அந்த வேல்தான் மனசில் நின்றது. தலைப்பிரசவத்துக்குச் சேத்துப்பட்டுத் தாய்வீட்டுக்கு வந்து, பெண் குழந்தையைப் பெற்று மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த நாட்களில், அதே கதை என்னை வேறு இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. உலகத்துக்கே தாய் என்று நாம் கும்பிடுகிறவளிடமும் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. பிள்ளைதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

பிரசவமான முதல் இரண்டு நாள் எந்த வீட்டிலும் ஒரே பேச்சுதான். "பால் வந்துச்சா?" பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிடுகிறார்கள். வந்திருப்பதோ சில துளி. மஞ்சளாக, பிசுபிசுவென்று, விரலில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். "இது எப்படிம்மா புள்ளைக்குப் பத்தும்?" என்று பெரியம்மா முகத்தைச் சுருக்கினாள். ஆயாவின் காலத்தில் அந்த மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிடுவார்களாம். மூன்றாம் நாள் வெள்ளைப் பால் இறங்கும்வரை சர்க்கரைத் தண்ணீர், சேனை, கிடைத்தால் சங்கில் கழுதைப் பால்.

இதில் எனக்கு ஆறாத வியப்பு ஒன்று உண்டு. தெருவில் யார் வீட்டு மாடாவது கன்று போட்டால், அந்தச் சீம்பாலுக்குச் செம்பை எடுத்துக்கொண்டு போய் நிற்போம். வெல்லமும் ஏலக்காயும் போட்டுத் திரட்டி, ஆளுக்கொரு துண்டு பங்கு வைத்துச் சாப்பிடுவோம். மாட்டின் சீம்பால் நமக்குப் பலகாரம். அதே சீம்பால் பெற்றவள் மார்பில் சுரந்தால் கெட்ட பாலாகிவிடுகிறது. கன்றுக்கும் முழுதாக விட மனம் வரவில்லை, பிள்ளைக்கும் கொடுக்க மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படி மண்ணில் ஊற்றியது எவ்வளவு இருக்கும்!

அந்தச் சில துளிதான் சரியான அளவு என்று மருத்துவம் சொல்கிறது. பிறந்த அன்றைக்குக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது ஒரு தேக்கரண்டி, மிஞ்சிப்போனால் இரண்டு. சீம்பாலில் நிறைந்திருப்பது இம்யூனோகுளோபுலின் ஏ என்கிற எதிர்ப்புப் பொருள். குழந்தையின் குடலில் ஒரு பூச்சுப்போலப் படிந்து, வெளியிலிருந்து வருகிற கிருமியை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது. தாய் தன் வாழ்நாளில் பட்ட காய்ச்சல், சளி, பேதி பலவற்றுக்கும் எதிராக அவள் உடம்பு கற்றுக்கொண்டது அந்தத் துளியில் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும். திருக்குர்ஆனும் பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புகிறவர்களுக்கு முழு இரண்டு ஆண்டு என்றே காலம் வகுத்திருக்கிறது. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அதே இரண்டு ஆண்டு.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் உடம்பு பாலுக்குத் தயாராகிவிடுகிறது. அது தானாக நடப்பது. அதற்குப் பிறகு தானாக எதுவும் நடப்பதில்லை. குழந்தை வாய் வைத்து இழுக்கவேண்டும். அந்த இழுப்பு நரம்பு வழியாகத் தாயின் மூளைக்குப் போகிறது. மூளை இரண்டு சுரப்புகளை அனுப்புகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது, ஆக்ஸிடோசின் உண்டான பாலை இறக்கிவிடுகிறது. குடித்துக் காலியான மார்பு மறுபடி ஊறுகிறது. குடிக்காமல் விட்ட மார்பு, போதும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வற்றத் தொடங்குகிறது. கோடையில் செய்யாற்று மணலில் ஊற்று தோண்டுகிறவர்களுக்கு இது தெரியும். அள்ள அள்ளத்தான் தண்ணீர் தெளிந்து வரும். அள்ளாமல் விட்டால் மறுநாள் மணல் மூடியிருக்கும்.

ஆக, என் பாலை நான் உண்டாக்கவில்லை. இவள் உண்டாக்குகிறாள். பிறந்து சில நாளே ஆன, தலை நிற்காத, கண் சரியாகத் தெரியாத ஒரு ஜீவன் என்னைக் கொடுக்கிறவளாக ஆக்கிக்கொண்டிருக்கிறது.

இது தெரிந்ததும் மனசில் ஒரு பாரம் இறங்கியது. அதுவரை பால் என் பொறுப்பு, என் திறமை, என் மானம் என்று இருந்தேன். பூண்டு குழம்பு, சுறாப்புட்டு, வெந்தயக் கஞ்சி, முருங்கைக்கீரை என்று அம்மா எதை வைத்தாலும் மருந்து குடிக்கிற கணக்கில் விழுங்கினேன். பால் இறங்கவேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். அப்படி உட்காரும்போதெல்லாம் இறங்காது. கவலையும் அவசரமும் வலியும் ஆக்ஸிடோசினை நிறுத்தி வைத்துவிடும். மனசு வைத்தால் மலையையும் புரட்டலாம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, மனசு வைத்தால் மட்டும் வராத ஒன்று என் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்பது புதுப் பாடம். வரவேண்டுமானால் தோளைத் தளரவிட்டு, மூச்சை விட்டு, "உன் பாடு, என்னை எப்படியோ ஆக்கிக்கொள்" என்று உட்காரவேண்டியிருக்கிறது. சரணாகதியைப் பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். உடம்பால் செய்து பார்த்தது இப்போதுதான்.

வலிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் வாரம் சாமி சத்தியமாக வலிக்கும். காம்பு வெடித்துக் கண்ணில் தண்ணீர் வரும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்கா வந்து, "காம்பை மட்டும் குடுக்காதம்மா, சுத்தி இருக்கிற கருப்பும் வாய்க்குள்ள போகணும், புள்ள தாவாக்கட்டை மார்ல முட்டணும்" என்று குழந்தையைப் பிடித்து வைத்துக் காட்டினார். வயிறும் வயிறும் ஒட்டவேண்டும், குழந்தையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு வலி குறைந்தது. ஆன்மிகம் பேசுகிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தியானத்துக்குக்கூட முதலில் முதுகை நேராக வைத்து உட்காரத்தான் சொல்லித்தருகிறார்கள்.

ராத்திரியில்தான் அதிகம் குடிக்கிறாள். புரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதலாகச் சுரக்குமாம். ஊர் அடங்கியிருக்கும். நெல் அறுவடைக் காலமானதால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றி வருகிற வண்டிகளின் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும். அடுத்த வீட்டில் ஆரணிப் பட்டுக்குத் தறி போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் நாடா ஓடுகிற சத்தம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் இவள் இரண்டு முறை, மூன்று முறை எழுந்திருப்பாள்.

முதலில் வேக வேகமாக நாலைந்து இழுப்பு. பால் இன்னும் இறங்கியிருக்காது. பிறகு அக்குள் பக்கமிருந்து ஊசி குத்துகிறமாதிரி ஒரு சுருக். மறு பக்கத்து மார்பும் யாரும் கேட்காமலேயே சொட்டத் தொடங்கும். அப்போது இழுப்பு நிதானப்படும். ஓர் இழுப்பு, ஒரு விழுங்கல், ஒரு மூச்சு. மறுபடி ஓர் இழுப்பு. காதுக்கு முன்னால் தாடை அசைய, காது மடலும் கூடவே லேசாக ஆடும். வாய் வைக்கும்போது இறுக மூடியிருந்த கை, வயிறு நிறைய நிறைய ஒவ்வொரு விரலாகத் திறக்கும். கடைசியில் உள்ளங்கை முழுதும் விரிந்து என் மார்பின்மேல் கிடக்கும். ஒன்றும் வேண்டாம் என்கிற கை. பெரியவர்களான நாம் அப்படிக் கையை விரித்து எத்தனை வருஷம் ஆகிறது?

பிறந்த குழந்தைக்குக் கண் தெளிவாக எட்டுவது 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான். மார்பில் கிடக்கிற குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் அதே தூரம். அவளுடைய உலகத்தின் எல்லை என் முகம். இப்படி எழுதும்போது கொஞ்சம் கர்வம் வருகிறது, அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நேரத்தில் சிவபுராணம் சொல்லிக்கொண்டே பால் கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு நாள்கூட முடித்ததில்லை. பாதியில் தூக்கம் சொக்கிவிடும். அவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருப்பாள். நான் இல்லாவிட்டாலும் நடக்கிற ஒரு காரியத்தில் நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு நெசவுக்காரப் பெண்ணுக்கும் கைக்குழந்தை. தறிக்குப் பக்கத்திலேயே சேலைத் தூளி. பகலில் அந்தக் குழந்தை அழுதால், சுவருக்கு இந்தப் பக்கம் என் ரவிக்கை நனைகிறது. என் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறாள். யார் பிள்ளை என்று பால் பார்ப்பதில்லை. பசி என்று ஒரு குரல் கேட்டால் போதும், இறங்கிவிடுகிறது. அறிவு "அது நம்ம குழந்தை இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் துணி நனைந்திருக்கும். எனது, உனது என்கிற கணக்கு உடம்பின் அடியில் இல்லவே இல்லை. அதை மேலே எங்கேயோதான் நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

அழுகைக்குப் பால் இறங்கிய கதைகளில் தமிழ்நாட்டுக்குப் பெரிய கதை சீர்காழிக் கதை. மூன்று வயதுச் சம்பந்தரைக் குளக்கரையில் உட்காரவைத்துவிட்டுத் தந்தை சிவபாத இருதயர் நீரில் மூழ்கினார். தந்தையைக் காணாமல் பிள்ளை கோயில் கோபுரத்தைப் பார்த்து அழுதது. உமாதேவி வந்து ஞானப்பால் ஊட்டினாள். சித்திரை மாதத்தில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் இன்றும் அதைத் திருமுலைப்பால் விழாவாக நடத்துகிறார்கள். தாய்மார்கள் கிண்ணங்களில் பால் கொண்டுவந்து தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

இந்தக் கதையில் ஒரு சின்ன விஷயத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். அம்மை பிள்ளையை மார்பில் அணைத்துப் பால் கொடுக்கவில்லை. பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டினாள். குறைமாதத்தில் பிறந்து இழுக்கத் தெம்பில்லாத குழந்தைக்கும், வேலைக்குப் போகிறவளின் குழந்தைக்கும் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துப் பாலாடையால் புகட்டுகிறோமே, அதே முறை. "மார்ல குடிச்சாத்தான் தாய்ப்பால்" என்று அந்தத் தாய்களை வருத்தப்படுத்துகிறவர்கள் இந்தக் கிண்ணத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம். ஞானமே கிண்ணத்தில்தான் வந்தது.

எங்கள் மாவட்டத்து அம்மனிடம் வந்தால் கதை இன்னும் ஆழமாகிறது. வாழைப்பந்தலில் பூசையை முடித்துக்கொண்டு பார்வதி போய்ச் சேர்ந்த இடம் திருவண்ணாமலை. அங்கே அவள் தவமிருந்து ஈசனின் உடம்பில் பாதியைப் பெற்றாள். அங்கே அவள் உண்ணாமுலையம்மன். எந்தக் குழந்தையும் பால் குடிக்காத மார்புடையவள். அகிலத்துக்கும் அன்னை என்று சொல்லிவிட்டு இப்படி ஒரு பெயரையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர்கள். பிள்ளையார் அவள் மேனியில் பூசிய மஞ்சளில் உருவானவர். முருகன் நெற்றிக்கண் பொறியில் பிறந்து, சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் அறுவரின் பாலைக் குடித்து வளர்ந்தவன். பெறாமலும் ஊட்டாமலும் தாயாக இருக்க முடியும் என்பதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? குழந்தை இல்லாதவர்களும், பெற்றும் பால் சுரக்காதவர்களும், தத்தெடுத்து வளர்ப்பவர்களும் அந்தச் சன்னதியில் நின்று அவளைத் தாயே என்று கூப்பிடும்போது, அவளும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்து ஆடிவிட்டுத் திரும்ப, மலையுச்சியில் தீபம் ஏற்றுவார்கள். லட்சக்கணக்கானவர் கையெடுத்துக் கும்பிடுகிற அந்த நாளின் நட்சத்திரம் கார்த்திகை. முருகனுக்குப் பால் கொடுத்த அந்த ஆறு பேர்தான் வானத்தில் அந்த நட்சத்திரமாக இருக்கிறார்கள் என்பது நம்பிக்கை. செவிலித்தாய்களின் நாளில் ஊரே விளக்கேற்றுகிறோம். இதை நினைத்து விளக்கேற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. இந்த வருஷம் நான் நினைத்து ஏற்றுவேன்.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு வேறொருவர் தாயான கதைகளைத் தமிழ் நிறையவே சேர்த்து வைத்திருக்கிறது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனைப் பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனாள். ஒரு பசு வந்து ஏழு நாள் நக்கிக் கொடுத்துப் பால் தந்து காப்பாற்றியது. வளர்ந்ததும் அவன் கைக்குத்தான் அமுதசுரபி வந்தது. மதுரையில் தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்ததைத் திருவிளையாடற் புராணம் ஒரு தனிப் படலமாகவே பாடுகிறது. சேற்றில் படுத்து, குட்டிகள் முட்டி முட்டிக் குடிக்க, பன்றியாகக் கிடந்த கடவுள்! திருக்கருகாவூரில் வேதிகை என்ற பெண்ணின் கலைந்த கருவை அம்மை குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாக்கிக் கொடுத்தாள். பிள்ளை வந்தது, பால் வரவில்லை. காமதேனு வந்து பால் சொரிந்தது. கோயில் முன்னால் இருக்கிற குளம் அந்தப் பால் பெருகிய இடம் என்கிறார்கள். கருவைக் காத்த கர்ப்பரட்சாம்பிகைகூட, "பால் உன் பாடு" என்று வேதிகையை விட்டுவிடவில்லை. வேறு வழி செய்து கொடுத்தாள்.

காமதேனு இப்போது வருவதில்லை. ஆனால் மும்பை சயான் மருத்துவமனையில் 1989ஆம் ஆண்டு ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் வந்துவிட்டன. யாரோ ஒருத்தி, தன் பிள்ளை குடித்து மிஞ்சியதைக் கறந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அதைப் பதப்படுத்தி, குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறார்கள். கொடுத்தவளுக்குக் குடித்த குழந்தையின் முகம் தெரியாது. அந்தக் குழந்தை வளர்ந்து இவளை எங்கேயாவது பேருந்தில் இடித்துக்கொண்டு போனாலும் தெரியாது. "நான் குடுத்த பாலு" என்று கணக்குக் கேட்க வழியே இல்லாத பால் அது.

கணக்கு என்றதும் பட்டினத்தார் நினைவுக்கு வருகிறார். எல்லாவற்றையும் துறந்தவர், தாயின் சிதைக்கு மட்டும் திரும்பி வந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கி எரியவைத்தார் என்பார்கள். துறவியான ரமணரும் தன் தாய் அழகம்மாளை மறக்கவில்லை. 1922இல் தாயை அடக்கம் செய்த இடத்தில்தான் இன்றைக்கு ரமணாசிரமத்தின் மாத்ருபூதேசுவரர் கோயில் இருக்கிறது. தாய்க்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று பிள்ளைகள் நினைப்பது அழகுதான். அதை நினைவூட்டிக்கொண்டே இருப்பது தாய்க்கு அழகில்லை. இவள் வளர்ந்து ஏதோ ஒரு நாள் என் பேச்சைக் கேட்காமல் போகும்போது, "உனக்குப் பால் குடுத்தேனே" என்று என் வாயில் வராமல் இருக்கவேண்டும். குடித்துக் குடித்துப் பாலை உண்டாக்கியது அவள். நான் மடியைக் கொடுத்தேன். கடன் என்று பார்த்தால் இருவருக்கும் நேராகிவிட்டது.

பால் கொடுக்கவே விடாமல் பிரிக்கப்பட்ட தாய்களும் உண்டு.   எங்கள் ஊருக்கு ஓர் அடையாளம் புனித தோமையார் தொழுநோய் மருத்துவமனை; அதைப் பார்க்கும்போது அவர்கள் நினைவு வரும். ஒரு காலத்தில் உலகின் பல தொழுநோய் இல்லங்களில், நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை அன்றைக்கே பிரித்து வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மார்பு கனக்க, பால் வழிய, குழந்தை இல்லாத கையோடு அந்தப் பெண்கள் திரும்பிப் படுத்திருப்பார்கள். 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு, மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம் என்றாயிற்று. அதில் ஒரு மருந்தின் நிறம் பாலிலும் இறங்கும். குழந்தையின் தோல் கொஞ்சம் கறுக்கலாம், மருந்தை நிறுத்தினால் பிறகு மாறிவிடும். ஊர் தொட அஞ்சுகிற உடம்பைக் குழந்தை வாயால் பற்றிக்கொள்கிறது. அஞ்சாமல் தொட்டு மருத்துவம் பார்த்தவர்களை நினைத்து நாம் வியக்கிறோம். அந்தக் குழந்தைகளையும் அந்த வரிசையில் வைக்கத் தோன்றுகிறது.

ஒன்று பாக்கியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் இது பாதிப் பேச்சாகிவிடும். பிள்ளை தங்காமல் போனவளுக்கும் மூன்றாம் நாள் பால் வரும். உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது மல்லிகைப் பூவைச் சரமாக மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பூவின் குளிர்ச்சிக்குப் பால் வற்றும் என்பது பாட்டிமார் கண்ட வழி. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, பால் வற்றவைக்கும் மாத்திரைக்கு ஈடாக மல்லிகையும் வேலை செய்கிறது என்று 1988இல் எழுதினார்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வைக்கிற பூ அன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறது. குடிக்க வாய் இல்லாவிட்டால் சில நாட்களில் பால் மெல்ல நின்றுபோகும். கேட்கிறவர் இல்லாதபோது கொடுக்கிறவரும் இல்லை என்பதை அந்தப் பெண்களைப்போல அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. அவர்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் தத்துவம் எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் அப்படி ஒருத்தியிடம் போகிறவர்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அதுதான் சரி.

கடவுள் நிறைந்திருக்கிறார், அந்த நிறைவிலிருந்து நமக்கு அள்ளித் தருகிறார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இந்தக் குழந்தை வந்த பிறகு அந்த நினைப்பு கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. அழுகிற பிள்ளை இல்லாவிட்டால் சீர்காழி அம்மையின் கிண்ணத்துக்கு வேலை ஏது? கூப்பிடுகிற நாம் இருப்பதால்தான் அவள் தாயாக இருக்கிறாள் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். மடியில் கிடக்கிற இவளைப் பார்த்தால் அப்படிப் படவில்லை. இவளுக்கு முன்னால் நான் வேறு என்னென்னவோவாக இருந்தேன், தாயாக மட்டும் இல்லை. ஆகவே இப்போதெல்லாம் சாமியிடம் எதையாவது கேட்க எனக்குக் கூச்சமில்லை. கேட்பதும் ஒரு கொடைதான்போல.

பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "பால் வந்துச்சா, பத்துதா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கே சில நேரம் பால் நின்றுபோகும். பால்மாவு டப்பாவோடும் போகாதீர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. உங்கள் ஊரில் அந்த அறை பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள், சாமான் போட்டு அடைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பெற்றவள் வீட்டில் ஒரு செம்பு தண்ணீரை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள், பால் கொடுக்க உட்கார்ந்ததும் தாகம் எடுக்கும். முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்கள். அடுப்படியில் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.